பெற்றோரின் மௌனமும் பிள்ளைகளின் துயரமும்

(ஐயப்பன்தாங்கலில் நடைபெற்ற நம் கழக வெள்ளி விழாவின் பெற்றோர் அரங்கில், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கரும்பலகையும் நான்கு பாய்களுமாகத் தொடங்கிய இக்கழகத்தின் மாலை வகுப்பு, இன்று பட்டதாரிகளையும் செவிலியர்களையும் ஆசிரியர்களையும் நமக்கு அளித்திருக்கிறது. பரங்கிமலையில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, நம் மக்களின் குரலாய் விளங்கிய எம்.சி. ராஜா அவர்கள் கண்ட கனவின் ஒரு துளி இங்கே நனவாகியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

விழாக் குழுவினர் என்னிடம், "பொதுத் தேர்வில் பிள்ளைகள் வெற்றி பெறப் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?" என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். நான்தான் வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். ஆண், பெண் உடலைப் பற்றியும், உறவைப் பற்றியும், காதலைப் பற்றியும் பெற்றோராகிய நாம் நம் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்பதே அப்பொருள். முகம் சுளிக்கும் பெரியோர்கள் சிலர் இங்கே இருக்கலாம். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டு இறுதிவரை கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இப்பொருளை நான் ஏன் கேட்டுப் பெற்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், வரலாற்று ஆசிரியனாக நான் ஒரு பள்ளியில் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பில் நன்கு படிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் திடீரென்று வகுப்புக்கு ஒழுங்காக வராமல் போனான். வந்தாலும் பின் வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தான். ஒரு நாள் மாலை மணி அடித்த பிறகு என் மேசையருகே வந்து நின்று, "சார், ஒண்ணு சொல்லணும்" என்றான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, "நாளைக்கு வாப்பா" என்றேன். சிறிது நேரம் நின்றான், பிறகு போய்விட்டான். அந்த நாளை என்பது வரவேயில்லை. அவ்வாண்டே அவன் படிப்பை நிறுத்திவிட்டான். வீட்டு வறுமையே காரணம் என்று நான் எண்ணிக்கொண்டேன். நம் பிள்ளைகள் படிப்பை நிறுத்தினால் அப்படி எண்ணிக்கொள்வதுதானே நமக்கு எளிது!

அண்மையில் அவரைச் சந்தித்தேன். இப்போது கோயம்பேட்டுச் சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவர் இசைவோடுதான் இதை இங்கே சொல்கிறேன். குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவர், வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் வந்து, அந்தச் சிறுவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறார். ஒரு முறை அன்று, ஈராண்டுக் காலம். அவர் முதலில் தம் தாயிடம்தான் சொன்னாராம். அந்தத் தாய் பதறிப்போய், "இந்த மாதிரி அசிங்கமெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கன்னத்தில் அறைந்திருக்கிறார். அடுத்தபடியாக அவர் தேர்ந்தெடுத்த ஆள் நான். நான் நாளைக்கு வரச் சொன்னேன்.

இதைச் சொல்லி அவர் என்னைக் குறை கூறவில்லை. "சார், என் பையனுக்கு அஞ்சு வயசாவுது. அவனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது? எனக்கு வார்த்தை வரலை" என்று கேட்டார். தலைமையாசிரியனாகிய எனக்கும் அன்று வார்த்தை வரவில்லை. அந்த வெட்கமே என்னை இம்மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஊருக்கு அறிவிக்கிறோம், மகளுக்குச் சொல்வதில்லை

தாய்மார்களே! நம் வீட்டுப் பெண் பருவமெய்தினால் நாம் என்ன செய்கிறோம்? மண்டபம் பிடிக்கிறோம். தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். அவள் படத்தைப் பெரிதாக அச்சிட்ட பதாகையை மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போவோர் வருவோர் அனைவரும் காணுமாறு கட்டுகிறோம். ஒலிபெருக்கி வைக்கிறோம். கடன் வாங்கியேனும் விருந்து வைக்கிறோம். ஊருக்கெல்லாம் செய்தியை அறிவிக்கின்ற நாம், அந்தப் பெண்ணுக்கு மட்டும் அவள் உடலில் என்ன நிகழ்ந்தது என்று சொல்வதில்லை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். ஒரு விளக்கம் கொடுப்பதில்லை. அவளுக்குக் கிடைப்பவை கட்டளைகளே: அங்கே போகாதே, அவனோடு பேசாதே, உரக்கச் சிரிக்காதே.

கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் கருவைத் தாங்குவதற்கு ஆயத்தமாகிறது. கரு உண்டாகாதபோது அச்சுவரின் மேற்படலம் குருதியோடு வெளியேறுகிறது. பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து வயதுக்குள் இது தொடங்குகிறது. தொடக்க ஆண்டுகளில் நாள் முன்பின்னாக வருவது இயல்பு. இதில் தீட்டும் இல்லை, நோயும் இல்லை. இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதுவும் நிகழ்ந்த பிறகு அன்று. நிகழ்வதற்கு முன்பே சொல்ல வேண்டும். முன்னறிவிப்பின்றி ஆடையில் குருதியைக் கண்டு, தனக்கு ஏதோ கொடிய நோய் வந்துவிட்டதென்று வகுப்பறையில் அழுத சிறுமியர் பலரை எங்கள் ஆசிரியைகள் கண்டிருக்கிறார்கள்.

பெண்ணுக்காவது விழா உண்டு. ஆண் பிள்ளைக்கு அதுவும் இல்லை. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, உறக்கத்தில் விந்து வெளியேறுகிறது. தகப்பன் பேசுவதில்லை. ஆனால் பேருந்து நிலையச் சுவர் பேசுகிறது! "இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கும் சுவரொட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடுதி அறையில் கடை விரிக்கும் போலி மருத்துவர்கள், ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம் என்று பொய் சொல்லி, நம் இளைஞர்களின் கூலிப் பணத்தைப் பறிக்கிறார்கள். உறக்கத்தில் விந்து வெளியேறுவதும் தன்னின்பப் பழக்கமும் நோயல்ல, உடலைக் கெடுப்பனவும் அல்ல என்பது மருத்துவ உலகம் ஐயமின்றிச் சொல்லும் உண்மை. மனநல மருத்துவர் மாத்ருபூதம் அவர்கள் இத்தகைய ஐயங்களுக்குத் தொலைக்காட்சியில் வெளிப்படையாக விடையளித்தபோது, தமிழ்நாட்டு மக்கள் நள்ளிரவிலும் விழித்திருந்து கேட்டார்கள். அவ்வளவு பேர் கேட்டார்கள் என்றால், அவ்வளவு வீடுகளில் அதுவரை யாரும் சொல்லவில்லை என்றுதானே பொருள்?

பள்ளியும் இதில் குற்றமற்றதன்று. எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் உண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் உண்டு. ஒரு முறை அறிவியல் ஆசிரியர் விடுப்பில் சென்றபோது அந்த வகுப்பை நான் கவனிக்க நேர்ந்தது. பூவில் மகரந்தச் சேர்க்கை வரை விளக்கமாகப் பேசிய நான், மனிதரைப் பற்றிய பகுதி வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புத்தகத்தை மூடினேன். வீட்டில் நீங்கள், "அதையெல்லாம் பள்ளியில் சொல்லித் தருவார்கள்" என்கிறீர்கள். இருவருக்கும் நடுவே பிள்ளை நிற்கிறது. அதன் கையில் கைப்பேசி இருக்கிறது. அது காட்டும் ஆபாசப் படத்தையே அப்பிள்ளை பாடமாகக் கொள்கிறது.

நம் முன்னோர் வெட்கப்படவில்லை

இவையெல்லாம் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று சிலர் கூறுவர். 1330 குறட்பாக்களில் 250 குறட்பாக்கள் காமத்துப்பாலில் உள்ளன. வள்ளுவப் பெருந்தகை கூசாமல் 25 அதிகாரம் பாடியிருக்க, பள்ளிப் பிள்ளைகளுக்கு அறத்துப்பாலும் பொருட்பாலும் போதுமென்று நாம்தாம் நிறுத்திக்கொண்டோம். கூச்சம் நம்முடையதேயன்றி நம் இலக்கியத்தினுடையது அன்று.

நம் தலைவர்களைப் பாருங்கள். மராட்டியத்தில் ரகுநாத் கார்வே என்னும் அறிஞர் 1927 முதல் 1953 வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மாத இதழை நடத்தினார். உடலைப் பற்றியும் கருத்தடை பற்றியும் வாசகர் கேட்ட கேள்விகளுக்கு அதில் விடை எழுதினார். அது ஆபாசம் என்று 1934-இல் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அன்று அவருக்காக வழக்காடியவர் யார் தெரியுமா? அண்ணல் அம்பேத்கர் அவர்கள்! ஐயம் கேட்பவனுக்கு அறிவோடு விடை சொல்வது குற்றமாகாது என்பதே அவர் பக்கத்து வாதம். வழக்கில் தோல்வியே கிட்டியது. கார்வே தண்டத்தொகை செலுத்த நேர்ந்தது. ஆயினும் வாதம் தோற்றதாக நான் கருதவில்லை.

1938 நவம்பர் 10-ஆம் நாள், பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை மக்களுக்கு அளிக்க வேண்டுமென்ற தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அண்ணல் எழுதித் தந்த உரையை அவர் கட்சி உறுப்பினர் ரோஹம் அவையில் படித்தார். அடுத்தடுத்த பிள்ளைப்பேறு ஏழைத் தாயின் உடலை எவ்வாறு உருக்குலைக்கிறது என்பதை அவ்வுரை எடுத்துக்காட்டியது. அவை அதை ஏற்கவில்லை. 1942 சூலையில் நாகபுரியில், நம் சென்னையைச் சேர்ந்த ந. சிவராஜ் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியபோது, சூலை 20 அன்று தனியே பெண்கள் மாநாடும் நடைபெற்றது. அங்கே அண்ணல் நம் தாய்மாரிடம், பிள்ளைகளுக்கு மணம் முடிக்க அவசரப்படாதீர்கள் என்றார். மணமான பெண் கணவனுக்கு அடிமையாக அன்றி, நண்பராகவும் நிகரானவராகவும் நிற்க வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் தந்தை பெரியார் கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்கான வழியாகவே மேடைதோறும் எடுத்துரைத்தார்.

நீலக் கோட்டு அணிந்த அண்ணலின் படத்தை நாம் வீட்டில் மாட்டியிருக்கிறோம். அவர் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்துக்கும் மாநாட்டிலும் சொன்னதை, நம் வீட்டு அடுப்படியில் சொல்ல நமக்கு ஏன் நா எழவில்லை?

வாய்மூடியதன் விலை

1986-ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. இந்த நோய் நம் நாட்டுக்கு வராது, நாம் ஒழுக்கமுள்ளவர்கள் என்று அதுவரை பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிருமிக்கு நம் பெருமிதம் தெரியவில்லை. பின்னர்த் தமிழ்நாட்டில் சுவர்தோறும் 'புள்ளிராஜா'வின் பெயர் எழுதப்பட்டு, ஆணுறையைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசும் நிலை வந்த பிறகே நோய் கட்டுக்குள் வரத் தொடங்கியது. பேச்சே மருந்தின் முதற் பகுதியாயிற்று.

எனினும் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தபோது, 2007-இல் பல மாநிலங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது காரணம். இது உண்மையா? ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், முறையான பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் விரைந்து உறவில் இறங்குவதில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. நெருப்புச் சுடும் என்று சொல்லிக் கொடுத்த பிள்ளை நெருப்பில் கை வைப்பதில்லையே!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். நம் சென்னையில், 'துளிர்' என்னும் அமைப்பும் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பும் இணைந்து 2,211 பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் 39 விழுக்காடு. ஆண் பிள்ளைகளில் 48 விழுக்காடு. ஏழை வீடு, பணக்கார வீடு எல்லாவற்றிலும் இது நிகழ்ந்திருந்தது. ஆண் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். என் மேசையருகே நின்ற அந்த மாணவன் அந்த 48-இல் ஒருவன். அடுத்த ஆண்டு நடுவண் அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வும் இதே போக்கைக் காட்டியது. தீங்கு செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் என்றும், பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை என்றும் அது கூறியது.

ஆகவே, "முன்பின் தெரியாதவன் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது. தெரிந்தவராயினும், உறவினராயினும், ஆசிரியராயினும், "இது நமக்குள் ரகசியம்" என்று சொல்லித் தொட்டால், அதை அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்ல வேண்டும் என்று கற்பிக்க வேண்டும்.

2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத ஆண், பெண் இரு பாலருக்கும் அது காப்பு. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது அச்சட்டப்படி தண்டனைக்குரியது. குடும்ப மானம் போய்விடும் என்று மறைப்பவர் குற்றவாளிக்குத் துணை நிற்கிறார். 1098 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கென 14417 என்ற எண்ணும் உண்டு. இவ்விரண்டையும் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

காதல் என்று வரும்போது

இனி நம் மக்களுக்கே உரிய ஒரு துயரத்தைப் பேச வேண்டும். பிற வீடுகளில் பிள்ளை காதலித்தால் சண்டை வரும். நம் பிள்ளை சாதி கடந்து காதலித்தால் உயிரே போகக்கூடும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில், ஒரு காதல் மணத்தைக் காரணமாகக் காட்டி, நத்தம் முதலிய சேரிகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அந்த மணமகன் இளவரசன் 2013 சூலை 4 அன்று இருப்புப்பாதை அருகே பிணமாகக் கிடந்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யா காயத்தோடு உயிர் பிழைத்தார்.

இதைக் கேட்டு, "அதனால்தான் ஐயா, காதலே வேண்டாம் என்கிறோம்" என்பீர்கள். வேண்டாம் என்றால் வராமல் இருக்க அது விருந்தாளியா? பதினாறு வயதில் மனம் ஒருவர்பால் சாய்வது இயற்கை. அப்போது பிள்ளை முதலில் யாரிடம் சொல்கிறது என்பதே கேள்வி. நம்மிடம் சொன்னால், நாம் ஆபத்தை எடுத்துச் சொல்லலாம், காத்திருக்கச் சொல்லலாம், துணை நிற்கலாம். நம்மிடம் சொல்ல முடியாத பிள்ளைதான் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடுகிறது, தனியே சிக்கிக்கொள்கிறது. வயது வந்த இருவர் தம் விருப்பப்படி மணப்பதில் ஊரோ, சாதிப் பஞ்சாயத்தோ தலையிட உரிமையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர்களுக்குக் காவல்துறை பாதுகாப்பளிக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டது. இதையும் பிள்ளைகள் நம் வாயால் அறிய வேண்டும்.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. பதினேழு வயதுப் பெண்ணோடு உறவு கொண்ட இளைஞன், அவள் விரும்பியே வந்திருந்தாலும், போக்சோ சட்டத்தின்படி குற்றவாளி. பெண் வீட்டார் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் அவன் சிறைக்குப் போக வேண்டியதுதான். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம், 16 வயதைக் கடந்தோரின் இசைவான உறவை இச்சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவது குறித்து ஆராயலாம் என்றது. 2021 சனவரியில், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்றும் கூறியது. 2022 டிசம்பரில், இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாமெனக் காவல்துறைத் தலைமையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆயினும் சட்டத்தில் உள்ள வயது 18 தான். நம் வீட்டுப் பையனுக்கு இதை யார் சொல்வது? "பதினெட்டு வயதுக்கு முன் அவள் இசைவும் சட்டத்தின் முன் இசைவாகாது, பதினெட்டுக்குப் பின்னும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்று தகப்பன் மகனிடம் சொல்லியே ஆக வேண்டும். நம் பெண்கள் மதிக்கப்பட வேண்டுமென்று போராடும் நாம், நம் பையன்கள் பெண்களை மதிக்கக் கற்றுத்தர மறந்துவிடக் கூடாது.

பெண் வீட்டிலோ, கைப்பேசியில் ஒரு செய்தியைக் கண்டதும் உடனே மாப்பிள்ளை தேடுகிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் 18 வயது நிறையும் முன்பே மணமானவர்கள். என் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இப்படி ஏற்பாடாகிவிட்டதை, அவள் தோழி வந்து சொன்னாள். வகுப்பாசிரியையும் நானும் அவள் வீட்டு வாசற்படியில் போய் அமர்ந்தோம். "பொண்ணு பெத்தவனுக்குத்தான் சார் தெரியும் வயித்தெரிச்சல்" என்றார் தகப்பனார். இரவு பத்து மணி வரை பேசினோம். சட்டத்தையும் சொன்னோம், அவள் மதிப்பெண்களையும் சொன்னோம். இறுதியில் ஆசிரியை அம்மா, "நீங்க அவளைக் கேட்டீங்களா?" என்றார்கள். யாரும் கேட்டிருக்கவில்லை. அன்று இரவுதான் அந்தத் தாய் மகளிடம் முதன்முறையாகக் கேட்டார். திருமணம் நின்றது, அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். அந்தக் காதல் என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அது அவள் சொந்தப் பொருள்.

எப்படிப் பேசுவது?

"எங்களுக்குப் படிப்பில்லையே, எப்படிப் பேசுவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நம் வீடுகள் பலவும் ஒற்றை அறை வீடுகள். அதிகாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேலைக்குப் போகும் தாய் திரும்பும்போது பொழுது சாய்கிறது. தகப்பன் வண்ணம் பூசும் வேலையோ ஆட்டோவோ முடித்து வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. தனியே அழைத்துப் பேச மறைவிடமும் இல்லை, நேரமும் இல்லை. உண்மை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குத் தெரியும், தவறாகத் தெரியும். ஆதலால் நான் அறிந்த சில எளிய வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஐந்து வயதுக்குள் உடலுறுப்புகளின் பெயரைக் கேலியின்றிச் சொல்லிக் கொடுங்கள். கைக்கும் காலுக்கும் பெயர் இருப்பது போல அவற்றுக்கும் பெயர் உண்டு. பெயர் தெரியாத உறுப்பில் வந்த துன்பத்தைக் குழந்தை எப்படிச் சொல்லும்? குளிப்பாட்டும்போதே, "இந்த இடத்தை வேறு யாரும் தொடக் கூடாது, நோய் என்றால் அம்மா உடனிருக்கும்போது மருத்துவர் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பிள்ளை கேட்கும் கேள்விக்குக் கேட்ட அளவுக்கு விடை சொல்லுங்கள். "தம்பி எப்படி வந்தான்?" என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்டால், "அம்மா வயிற்றில் கருப்பை என்ற பை இருக்கிறது, அதில் வளர்ந்தான்" என்பது போதும். விடை தெரியாவிட்டால், "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறவாமல் சொல்லவும் செய்யுங்கள். என் மகள் எட்டு வயதில், தொலைக்காட்சி விளம்பரத்தைக் காட்டி, "அப்பா, இது என்ன?" என்று கேட்டபோது நான் அலைவரிசையை மாற்றினேன். என் துணைவியார் பிறகு விளக்கினார். அதற்குப் பின் அவள் அத்தகைய எதையும் என்னிடம் கேட்டதேயில்லை. ஒரு பொத்தானை அழுத்தியதில் நான் இழந்தது அது.

மூன்றாவது, ஒன்பது, பத்து வயதில், பருவ மாற்றங்களை முன்கூட்டியே சொல்லுங்கள். பெண்ணுக்கு ஆணின் மாற்றத்தையும், ஆணுக்குப் பெண்ணின் மாற்றத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அக்காளுக்கு வயிற்று வலி என்றால் தம்பி வெந்நீர் வைத்துக் கொடுக்கலாம். அதில் இழிவு ஏதுமில்லை.

நான்காவது, முகத்துக்கு நேர் பேசக் கூச்சமாயிருந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். நியாயவிலைக் கடைக்குப் போகும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் பேசலாம். செய்தித்தாளில் வந்த ஒரு நிகழ்வைச் சொல்லி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று தொடங்கலாம்.

ஐந்தாவது, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், அதில் வருவதெல்லாம் உண்மையன்று என்று சொல்லுங்கள். ஆபாசப் படத்தில் வருவது நடிப்பு. அதில் அன்பும் இல்லை, இசைவும் இல்லை. தன் உடலின் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது என்றும், அனுப்பிவிட்டு யாரேனும் மிரட்டினால் அஞ்சாமல் உங்களிடம் வரலாம் என்றும் முன்னதாகவே உறுதி கொடுங்கள்.

ஆறாவதும் இன்றியமையாததும் ஒன்று உண்டு. பிள்ளை எதைச் சொன்னாலும் முதலில் அடிக்காதீர்கள். "சொன்னது நல்லது, இது உன் தவறன்று" என்று சொல்லுங்கள். எஞ்சியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிறைவாக

அன்பார்ந்த பெற்றோர்களே! கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இவ்வெள்ளி விழா ஆண்டிலிருந்து மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாய்மார்க்கும் தந்தையர்க்கும் தனித்தனியே ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையோ செவிலியரையோ அழைத்துவந்து ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தந்தையரின் கூட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். நம் பிள்ளைகளுக்கு முன், நாம் பேசிப் பழக வேண்டும்.

அந்த வண்டியோட்டும் நண்பருக்கு அன்று சொல்ல முடியாத விடையை, ஒரு வாரம் கழித்துத் தேடிச் சென்று சொன்னேன். இங்கே உங்களுக்குச் சொன்னவைதாம் அவை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், நான் அதைச் சொன்னா, எனக்கு நடந்ததையும் அவன் கேட்பானோ?" என்றார். "இன்று கேட்க மாட்டான், என்றாவது கேட்டால் அன்று நீங்கள் அவனிடம் சொல்லலாம். அவன் உங்களை அடிக்க மாட்டான்" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கல்வி என்பது எழுத்தும் எண்ணும் மட்டுமன்று. தன் உடல் தன்னுடையது என்று அறிவதும் கல்வியே. தலைமுறை தலைமுறையாக நம் உடலைத் தீட்டென்று ஒதுக்கியவர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். அதே உடலைப் பற்றி நாமும் நம் பிள்ளைகளிடம் கூசி நின்றால், அந்தத் தீட்டை நாமே ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம். உங்கள் பிள்ளை இன்றிரவு உங்களருகே வந்து, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றால், கையிலுள்ள வேலையைக் கீழே வையுங்கள். நாளைக்கு வா என்று சொல்லிவிடாதீர்கள்.

 ஜெய் பீம்!